எண் மாறிய அட்டை: டர்பன் நீச்சல் போட்டி ஒன்றில் நடந்த தவறான தகுதிநீக்கம்

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நீச்சல் போட்டியைக் 'காலா' என்பார்கள். வெயில் காலம் முழுக்க ஏதாவது ஒரு குளத்தில் சனிக்கிழமை காலா இருக்கும். பிள்ளைகள் நீந்துவார்கள், பெற்றோர் கூலர் பாக்ஸும் குடையுமாக வந்து உட்காருவார்கள். அந்தப் பெற்றோரில் இருபது பேராவது எழுந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குளத்தோரம் நிற்காவிட்டால் காலாவே நடக்காது. ரெஃப்ரி, ஸ்டார்ட்டர், டைம்கீப்பர், டர்ன் ஜட்ஜ், ஸ்ட்ரோக் ஜட்ஜ் என்று நிற்கிற எல்லோருமே சம்பளம் வாங்காதவர்கள்தான்.

அப்படி ஒரு காலாவில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி, தான் செய்யாத தவறுக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டாள். பிள்ளைகள் சுவரைத் தொட்டுத் திரும்புவதைக் கவனிக்கும் டர்ன் ஜட்ஜ்களுக்கு அன்று தலைமை நான். தகுதிநீக்க அட்டையில் தவறான லேன் எண்ணை எழுதியவர் வேறொருவர். ஆனால் அவர் அப்படி எழுத நேர்ந்தது நான் காலையில் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தால். புதிதாக வெள்ளைச் சட்டை போட முன்வரும் நம் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தொடக்கம் முதல் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கிளப்களின் பெயரும் இதில் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். மகன் நீச்சலில் சேர்ந்ததால் குளத்துக்குப் போகத் தொடங்கினேன். அவன் ஐந்து வருடத்தில் நீச்சலை விட்டுவிட்டான், நான் விடவில்லை.

அட்டையை எழுதிய அம்மாவும் தமிழ்நாட்டுக்காரர்தான், திருநெல்வேலிப் பக்கம். இரண்டு மகள்கள், இருவரும் நீந்துகிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு பருவங்களில் டைம்கீப்பராக நின்றிருக்கிறார், நன்றாகவே செய்தார். டைம்கீப்பர் வேலை வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். ஸ்டார்ட்டரின் ஒலியைக் கேட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தக்கூடாது, விளக்கு மின்னுவதைப் பார்த்து அழுத்த வேண்டும் என்பதே பலருக்கு மாதக்கணக்கில் கைவராது. எட்டு லேன் குளத்தின் அகலம் சுமார் 20 மீட்டர். ஸ்டார்ட்டர் ஒரு ஓரத்தில் நின்றால் மறு ஓரத்து டைம்கீப்பரை ஒலி எட்ட நொடியில் நூற்றில் 6 பங்கு ஆகும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எங்கள் டர்பன் பையன் சாட் லெ க்ளோ 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸை வென்றது நூற்றில் 5 பங்கு வித்தியாசத்தில். இதை ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து இவர் விளக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர்.

அந்தப் பருவத்தில் டர்ன் ஜட்ஜாகப் பயிற்சி எடுக்க அவரே கேட்டார். விதிகளைப் படித்துவிட்டு வந்தார். இந்தக் காலா அவருக்கு அந்தப் பொறுப்பில் இரண்டாவது.

அன்றைய ஏற்பாடு

ஒரு பிப்ரவரி சனிக்கிழமை. டர்பன் பிப்ரவரி எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழரைக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. 25 மீட்டர் குளம், எட்டு லேன். தொட்டதும் நேரத்தைத் தானே பதியும் டச்பேட் கிடையாது, எல்லாம் கை வாட்ச்தான். எட்டு மணிக்கு மைக் பழுதானது. ஸ்டார்ட்டரின் கருவி மட்டும் வேலை செய்ததால் போட்டியை நிறுத்தவில்லை. முடிவுகளை அறிவிக்க வழியில்லாமல் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது என்று ஆயிற்று.

குளத்தின் இரண்டு முனைகளிலும் டர்ன் ஜட்ஜ் வேண்டும். பெரிய போட்டிகளில் ஒவ்வொரு முனையிலும் லேனுக்கு ஒருவர் நிற்பார். எங்களிடம் ஸ்டார்ட் முனைக்கு இரண்டு பேர், திரும்பும் முனைக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். ஆளுக்கு நான்கு லேன்.

திரும்பும் முனைக்கு நான் அனுப்பிய இருவரில் ஒருவர் அனுபவசாலி, மற்றவர் இந்த அம்மா. நடந்துகொண்டே சொன்னேன்: "நீங்க வலது பக்கம் பாதி, அவர் இடது பக்கம் பாதி." இருவரும் தலையாட்டினார்கள்.

நான் குறிப்பிட்ட வாக்கியம் இதுதான்.

இதில் என்ன தவறு என்று புரிய லேன்களுக்கு எண் போடும் முறை தெரிய வேண்டும். ஸ்டார்ட் முனையில் நின்று குளத்தைப் பார்த்தால் 1ஆம் லேன் வலது கைப் பக்கம் இருக்கும். உலகமெங்கும் இதுதான் முறை. பிள்ளைகள் ஏறி நின்று குதிக்கும் ஸ்டார்ட்டிங் பிளாக்குகளில் எண்கள் எழுதப்பட்டிருக்கும். எதிர் முனைக்குப் போய்த் திரும்பி நின்றால் எல்லாம் இடம் மாறும்: 1 இடது ஓரம், 8 வலது ஓரம். அந்த முனையில் பிளாக்கும் இல்லை, எண்ணும் இல்லை, வெறும் சுவர்தான். ஆக வலது பாதி என்றால் 5 முதல் 8 வரை.

அந்த அம்மா இரண்டு பருவம் டைம்கீப்பராக நின்றது ஸ்டார்ட் முனையில். அங்கே வலது ஓரம்தான் 1. அந்தப் பழக்கத்தோடு எதிர் முனைக்குப் போனவர் தன் வலது ஓரத்திலிருந்து 1, 2, 3, 4 என்று எண்ணிக்கொண்டார். 8 அவருக்கு 1 ஆனது, 7 இரண்டானது, 6 மூன்றானது. காலை முழுவதும் அவர் ஒரு அட்டைகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

நடந்தது

10:40 மணி அளவில் 11 வயதுப் பெண்களுக்கான 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். நான்கு நீளம், மூன்று திருப்பம். 25லும் 75லும் திரும்புவது எங்கள் அம்மா நிற்கும் முனையில்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவிலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் சுவரைத் தொட வேண்டும். டர்ன் ஜட்ஜ் தொடுவதை மட்டும் பார்த்தால் போதாது. சுவருக்கு முந்தைய கடைசிக் கைவீச்சு தொடங்கியதிலிருந்து, திரும்பிய பின் இரண்டாவது கைவீச்சு முடியும் வரை அவருடைய பொறுப்பு. பிற நீச்சல்களில் திரும்பிய பின் முதல் கைவீச்சு வரை பார்த்தால் போதும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் மட்டும் இரண்டு. நான்கு பிள்ளைகள் அடுத்தடுத்து வந்து தொட்டுத் திரும்பும்போது ஒருவரே அத்தனையையும் பார்ப்பது கஷ்டம். பிள்ளைகள் தவறு செய்வதும் பெரும்பாலும் 75 மீட்டரில்தான். களைப்பில் தோள் சாயும், ஒரு கை முந்தும்.

75இல் அந்த அம்மா கை தூக்கினார். நான் பக்கவாட்டில் நடந்து அவரிடம் போனேன். அட்டை எழுதியாகிவிட்டது: போட்டி எண், ஹீட் எண், லேன் 3, 'திருப்பத்தில் ஒரு கைதான் தொட்டது', கையெழுத்து. கேட்டேன், "தெளிவா பாத்தீங்களா?"

"தெளிவா பாத்தேன் அண்ணா. வலது கை முதல்ல பட்டுது. இடது கை படவே இல்ல."

இதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. அவர் பார்த்தது உண்மை. நான் அட்டையை எடுத்துக்கொண்டு போய் ரெஃப்ரியிடம் கொடுத்தேன். அவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன், கையெழுத்துப் போட்டார். 'லேன் 3 என்று எழுதியிருக்கிறது, ஆனால் இவர் பார்க்க வேண்டியது 5 முதல் 8 வரைதானே' என்று இருவருக்கும் தோன்றவில்லை. ரெஃப்ரிக்குத் தோன்ற வாய்ப்பே இல்லை, யார் எந்த லேன் என்ற பட்டியலை நான் அவருக்குக் கொடுக்கவே இல்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நேரக் கணக்குப்படி 4ஆம் லேன் முதல் இடம், 3ஆம் லேன் இரண்டு, 6ஆம் லேன் மூன்று, 5ஆம் லேன் நான்கு. 3ஐ நீக்கியதும் 6 இரண்டாம் இடத்துக்கும் 5 மூன்றாம் இடத்துக்கும் ஏறின. 11:02க்குத் தாள் சுவரில் ஒட்டப்பட்டது. உடனே பதக்கங்களும் கொடுக்கப்பட்டன. 5ஆம் லேன் சிறுமி வெண்கலத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். இந்த ஓட்டத்தை நான் பார்த்தேன், பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தேன்.

புகார்

3ஆம் லேன் சிறுமிக்குத் தன் தகுதிநீக்கம் தெரிந்தது சுவரில் இருந்த தாளைப் பார்த்துத்தான். யாரும் அவளிடம் சொல்லவில்லை. மைக் இருந்திருந்தால் குறைந்தது காதில் விழுந்திருக்கும். பெயருக்கு நேரே DSQ என்று மூன்று எழுத்து, தகுதிநீக்கம் என்பதன் சுருக்கம். அவளுக்கு அதன் பொருள் தெரியும், காரணம் தெரியாது.

அவளோடு வந்திருந்தவர் அவள் தாத்தா. எழுபதைத் தாண்டியவர், டர்பனில் இந்தியர் நிறைந்த பகுதியான சாட்ஸ்வொர்த்துக்காரர். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர். அந்தத் தலைமுறையில் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிகாரிகள் மேசைக்கு வந்தார். நான் தமிழ் பேசுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"தம்பி, பிள்ளை தப்பு செஞ்சிருந்தா தப்புதான். நான் சண்டைக்கு வரல. என்ன தப்புன்னு அவகிட்ட யாராவது சொன்னீங்களா?"

இல்லை என்று சொன்னேன்.

"சொல்லாம எப்படி?"

மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். 11:08க்கு அந்தக் கிளப்பின் கோச் எழுத்து மூலம் முறையீடு கொடுத்தார். போட்டி முடிந்து 30 நிமிடத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தாள் ஒட்டவே 20 நிமிடம் எடுத்துக்கொண்டோம். இன்னும் தாமதித்திருந்தால் அந்தக் குழந்தைக்கு முறையிடும் வழியும் அடைபட்டிருக்கும். முறையீட்டில் கோச் எழுதியிருந்தது இதுதான்: தன் நீச்சல் வீராங்கனை 75இல் இரண்டு கைகளாலும் தொட்டதைத் தானே பக்கத்தில் நின்று பார்த்ததாகவும், அவள் ஒருபோதும் இந்தத் தவறைச் செய்தவள் இல்லை என்றும்.

கோச்சின் சாட்சியம் விதிப்படி எடுபடாது. குளத்தோரம் நின்று பார்த்த நடுவரின் சொல்தான் செல்லும், பெற்றோர் எடுத்த வீடியோவையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் முறையீடு வந்தால் அட்டை எழுதியவரை மறுபடி கேட்டாக வேண்டும்.

விசாரணை

ரெஃப்ரி என்னைத்தான் கேட்கச் சொன்னார். அப்போது ஒரு தவறும் ஒரு சரியும் செய்தேன்.

தவறு முதலில். "3ஆம் லேன் பற்றி முறையீடு வந்திருக்கு" என்று தொடங்கிவிட்டேன். எதைப் பற்றிக் கேள்வி என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாது.

சரியாகச் செய்தது இது. மேசையில் உட்கார வைத்துக் கேட்காமல் அவர் நின்ற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். "அப்போ நின்ன மாதிரியே நில்லுங்க. எண் சொல்ல வேண்டாம். எந்தப் பிள்ளைன்னு கையால காட்டுங்க."

அவர் கை நீட்டினார். வலது ஓரத்திலிருந்து மூன்றாவது. நான் ஸ்டார்ட் முனையில் இருந்த பிளாக்கைப் பார்த்தேன். 6.

"தொப்பி என்ன நிறம்?"

"மஞ்சள்."

3ஆம் லேன் சிறுமியின் கிளப்புக்கு வெள்ளைத் தொப்பி. மஞ்சள் தொப்பி 6ஆம் லேனில் இருந்தவளுடையது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே எதிர் முனையைப் பார்த்தார், பிளாக் எண்களை வாய்க்குள் எண்ணினார், பிறகு முகம் மாறிவிட்டது.

"அண்ணா, நான் திருப்பி எண்ணியிருக்கேன்."

எட்டு லேன் குளத்தில் இரு முனைகளிலிருந்தும் எண்ணினால் ஒரே லேனுக்குக் கிடைக்கும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 9 வரும். 3ம் 6ம் ஒன்பது. இந்தச் சின்னக் கணக்கு எனக்குப் பல வருடமாகத் தெரியும். யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இடது பாதியைப் பார்த்த அனுபவசாலியையும் கேட்டோம். உண்மையான 3ஆம் லேன் அவருடைய பொறுப்பு. அந்தத் திருப்பத்தில் தன் நான்கு லேன்களிலும் பிழை எதுவும் இல்லை என்றார்.

முடிவுகள்

முதல் முடிவில் விவாதமே இல்லை. 3ஆம் லேன் சிறுமியின் தகுதிநீக்கம் ரத்து, இரண்டாம் இடம் அவளுக்கு.

இரண்டாவதுதான் கடினம். 6ஆம் லேன் சிறுமியை என்ன செய்வது? அவள் ஒரு கையால் தொட்டதை நடுவர் பார்த்திருக்கிறார். எண் மாறியதே தவிர பார்வை மாறவில்லை. அவளை நீக்கினால் 5ஆம் லேன் சிறுமியின் வெண்கலம் அவளிடமே இருக்கும். நீக்காவிட்டால், விதிப்படி நீந்திய ஒரு குழந்தை நான்காம் இடத்துக்குப் போவாள், விதி தவறியவள் மூன்றாம் இடத்தில் நிற்பாள்.

நீக்க வேண்டும் என்று நான் வாதாடினேன். கை காட்டியதும் தொப்பி நிறமும் பொருந்துகின்றன, அட்டையில் நேர்ந்தது எழுத்துப் பிழை மட்டுமே என்றேன்.

ரெஃப்ரி ஒப்புக்கொள்ளவில்லை. பந்தயம் முடிந்து 40 நிமிடம் ஆகிவிட்டது. அந்த லேன் எண்ணோடு கையெழுத்திட்ட அட்டை எதுவும் இல்லை. நடுவரிடம் மறுபடி கேட்டபோது '3 அல்ல' என்பது அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது, சொன்னது நான்தான். அதற்குப் பிறகு அவர் காட்டியதை எவ்வளவு நம்பினாலும், ஒரு குழந்தையை நீக்க அது போதாது என்றார். சந்தேகத்தின் பலன் நீந்துபவருக்கே என்று வகுப்புகளில் நாங்களே சொல்லித் தருகிறோம். நடுவருக்குச் சந்தேகம் இல்லை, சந்தேகம் எங்கள் நடைமுறையில் இருந்தது. அதன் பலனும் நீந்துபவருக்குத்தான் போக வேண்டும்.

அன்று மனம் ஒப்பவில்லை. இப்போது அவர் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். இதே லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை 58.46 நொடி உலக சாதனையோடு வென்ற தென்னாப்பிரிக்கரான கேமரன் வான் டெர் பர்க், தண்ணீருக்கடியில் அனுமதித்ததைவிட அதிக டால்ஃபின் கிக் (இரண்டு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிப்பது) அடித்ததாகப் பிறகு அவரே ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அந்த முடிவு மாறவில்லை. பந்தய நேரத்தில் ஒரு நடுவர் பார்த்து, முறையாக எழுதிக் கொடுத்தது மட்டுமே முடிவை மாற்றும். அது எல்லோருக்கும் நியாயம் செய்யாது என்று தெரிந்துதான் அந்த வரம்பை வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது முடிவு, விதிப் புத்தகத்தில் இல்லாதது. திருத்திய தாளில் 5ஆம் லேன் சிறுமி நான்காம் இடம். கழுத்தில் இருந்த வெண்கலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. ரெஃப்ரியும் ஏற்பாட்டாளரும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு அது. 6ஆம் லேன் சிறுமிக்கு வேறொரு வெண்கலம் பிறகு வரவழைத்துக் கொடுக்கப்பட்டது, அவளிடமிருந்த வெள்ளி 3ஆம் லேன் சிறுமிக்குப் போனது. பதக்கம் கையில் இருந்தாலும் தாளில் நான்கு என்று இருப்பதை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நான் நேரில் போய்ச் சொன்னேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். "அப்படியானால் அந்தப் பெண் தவறு செய்தாளா இல்லையா?" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த நிகழ்வில் தீராமல் போனது அது ஒன்றுதான். அந்தக் குடும்பம் இதைவிட நல்ல நடத்தையை எங்களிடம் எதிர்பார்த்தது நியாயம்.

தாத்தா சொன்னது

திருத்திய முடிவை 3ஆம் லேன் சிறுமியிடம் ரெஃப்ரியே நேரில் போய்ச் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். நானும் போனேன். சிறுமி சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த போட்டிக்கு ஓடிவிட்டாள். தாத்தா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அவர் பிறந்தது மேகசின் பாராக்ஸில். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியத் தொழிலாளர் குடியிருப்பு அது, தமிழரும் தெலுங்கரும் நிறைந்த இடம். 1960களில் அங்கிருந்த குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றினார்கள். நீச்சல் கற்றது உம்ஹ்லாதுசானா ஆற்றில். பொது வசதிகளை இனவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. கடற்கரையிலேயே யார் எங்கே குளிக்கலாம் என்று பலகை வைத்திருந்த ஊர் இது. பிறகு இளைஞனாக, இனபேதம் பார்க்காத நீச்சல் அமைப்பு நடத்திய காலாக்களில் அவரும் வாட்ச் பிடித்திருக்கிறார். அந்த அமைப்பின் தலைவர் மோர்கன் நாயுடு மீது 1973இல் அரசு தடையாணை போட்டது இங்குள்ள பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்வாங்க. ஏன்னு சொல்ல மாட்டாங்க. இவளுக்காவது ஏன்னு சொல்லுங்க."

இதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. நான் அதுவரை இந்த நிகழ்வை எண் பிழையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் சரியாக இருந்திருந்தாலும், ஒரு குழந்தைக்குத் தன் தவறு சுவரில் இருக்கும் தாளைப் பார்த்துத் தெரிவது சரியல்ல என்பது அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

பிறகு

அட்டை எழுதிய அம்மா அன்று மதியம் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். இனி வரமாட்டேன் என்றார். அவர் தவறு செய்யவில்லை என்று சொல்லித் தேற்றினால் அது பொய்யாகிவிடும். அதனால் யாருடைய பங்கு எது என்று பிரித்துச் சொன்னேன்: எண்ணை மாற்றி எண்ணியது உங்களுடையது, பக்கம் சொல்லி அனுப்பியதும் பொறுப்பைச் சரிபார்க்காமல் அட்டையை வாங்கியதும் என்னுடையது. திருப்பத்தில் நீங்கள் பார்த்தது சரியான பார்வை, அந்த நான்கு பேரில் அந்த ஒரு கையை வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு காலாக்களுக்கு வரவும் இல்லை. மூன்றாவதில் டைம்கீப்பராக வந்தார்.

நடந்ததை ரெஃப்ரி எழுத்தில் பதிவு செய்து எல்லாக் கிளப்களுக்கும் அனுப்பினார். யாருடைய பெயரும் அதில் இல்லை. நடுவர் பயிற்சியில் அதை இப்போது வாசிக்கிறோம்.

மாற்றியவை

இப்போது யாரையும் 'வலது பாதி', 'இடது பாதி' என்று அனுப்புவதில்லை. எண்ணைச் சொல்லி அனுப்புகிறோம், அவர் அங்கே போய் நின்று தன் லேன்களை ஒவ்வொன்றாகக் கைகாட்டி எண் சொன்ன பிறகுதான் முதல் பந்தயம் தொடங்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது. திரும்பும் முனைச் சுவர் ஓரத்தில் டேப் ஒட்டி எண் எழுதுகிறோம். டேப் நனைந்து உரிந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்புவதில்லை.

பந்தயம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு நடுவரும் தன் அட்டைகளின் தலையில் தன் பொறுப்பு லேன்களை எழுதிவிட வேண்டும். 5 முதல் 8 என்று மேலே எழுதிய அட்டையில் கீழே 3 என்று இருந்தால் வாங்குகிறவர் கண்ணில் உடனே படும். என்னைக் கேட்டால் மாற்றியவற்றில் மிகப் பயன்பட்டது இதுதான், செலவும் ஒன்றுமில்லை.

அட்டையை வாங்கும்போது நான் இப்போது "தெளிவா பாத்தீங்களா?" என்று கேட்பதில்லை. அதற்கு ஆமாம் என்பதைத் தவிர என்ன பதில் வரும்? எங்கே நின்றீர்கள், உங்கள் லேன்கள் எவை, என்ன பார்த்தீர்கள், தொப்பி என்ன நிறம் என்று கேட்கிறேன். புதியவர்களுக்கு முதல் மூன்று காலாக்களுக்கு அனுபவசாலி ஒருவர் தோளோடு தோள் நிற்பார். ஆள் பற்றாக்குறை என்றால் லேன்களைக் குறைத்துப் பார்ப்போம், புதியவரைத் தனியே விடமாட்டோம். அப்புறம், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை தகுதிநீக்கம் ஆனால் தாள் ஒட்டும் முன் கோச்சிடமும் பிள்ளையிடமும் நேரில் போய், என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். ரெஃப்ரி போக முடியாவிட்டால் நான் போவேன். அதுவரை பதக்கம் கொடுப்பதும் நிற்கும்.

அடுத்த பருவத்தில் அந்த அம்மா மறுபடி டர்ன் ஜட்ஜ் சட்டை கேட்டார். இந்த முறை புதிதாக வந்த ஒருவருக்குத் தோள் கொடுத்து நின்றவர் அவர்தான். டிசம்பரில் ஒரு நாள் மழை பெய்து டேப் முழுக்க உரிந்துவிட்டது. பட்டர்ஃபிளை பந்தயத்தில் அந்தப் புதியவர் அட்டை எழுதினார். தலையில் 5 முதல் 8, கீழே லேன் 2. அட்டை என் கைக்கு வரும் முன்பே அந்த அம்மா அதைப் பிடித்து நிறுத்தினார். "கையால காட்டுங்க" என்றார். 7ஆம் லேன்.

அங்கேயே எண்ணைத் திருத்தி இருவரும் கையெழுத்திட்டார்கள். அந்தப் பிள்ளை தண்ணீரை விட்டு ஏறி முகம் துடைப்பதற்குள் ரெஃப்ரி கையெழுத்தும் ஆயிற்று. நான் போய் அவள் பக்கத்தில் குனிந்து, திருப்பத்தில் இடது கை சுவரில் படவில்லை என்று சொன்னேன்.

"தெரியும் அங்கிள்" என்றாள். "கை வழுக்கிவிட்டது."